மணற்காட்டுக்கு ஒரு வள்ளமும் நான்கு சில்லுகளும்

சென்ற மாதம் இந்த வலைப்பதிவின் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தன் பிக்கப்பின் பின்னால் பதினாறு அடிப் படகொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு மணற்காட்டுக் கடற்கரைக்குப் போகப்போகிறாராம். இழுவைக்குப் பெரிய சில்லும் பெரிய ரயரும் போட்டால் நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார். எனக்கு வாகனங்களில் பெரிய ஆர்வம் கிடையாது. ஆனால் இதே கேள்விக்கு 1993 சித்திரையில் ஒருமுறை எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறேன். அதை நம்பி ஒரு குடும்பம் குருநகரிலிருந்து மணற்காட்டுக்கு வள்ளத்தோடு புறப்பட்டது. அந்தப் பயணத்தைச் சொல்வதுதான் நேர்மையான பதில்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பௌதிகவியலில் பட்டம் எடுத்து ஒரு வருடம். நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் உயர்தர மாணவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா காங்கேசன்துறையில் வேலை செய்தவர். அங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அவர் காப்பாற்றிக் கொண்டுவந்த பெரிய சொத்து 1977ஆம் ஆண்டு யப்பான் பிக்கப் ஒன்று. அதைத் தவராசா என்பவர் ஓட்டினார். நான் அவரைத் தவண்ணை என்பேன். கல், மண், விறகு, கலியாணப் பந்தல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவோம்.

இளையவர்களுக்கு ஒரு விளக்கம். போரும் தடையுமாக இருந்த அந்த வருடங்களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவதில்லை. கார்களும் பிக்கப்புகளும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஓடும், ஆனால் வெள்ளைப் புகையும் அரைவாசிப் பலமுமாக ஓடும். இந்த அரைவாசிப் பலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வள்ளத்துக்குச் சொந்தக்காரர் சூசைதாசன், குருநகர்க்காரர். அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தாள். குருநகரிலிருந்து சில குடும்பங்கள் ஒவ்வொரு சித்திரையிலும் மணற்காட்டுக்குப் போய் வாடி என்னும் ஓலைக்குடில் அடித்து, புரட்டாதி வரை கரைவலை இழுப்பது வழக்கம். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளத்தில் போய் வளைத்துப் போட்டு, மற்றக் கயிற்றோடு கரைக்குத் திரும்பி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கும் தொழில். வள்ளம் கடல் வழியாகப் போவதுதான் முறை. அந்த வருடம் கடல் வழி அடைபட்டிருந்தது. தெருவால் கொண்டுபோனால்தான் உண்டு.

நேரக்கணக்கும் இருந்தது. அந்தக் கரையில் ஒரு நாளைக்கு ஒரு வலைதான் வளைக்கலாம். ஒவ்வொருவருடைய முறைக்கும் பாடு என்று பெயர். பருவம் தொடங்குவதற்கு முதல்நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கோயில் மூப்பர் கொப்பியோடு கரைக்கு வருவார். வள்ளங்கள் வந்துசேர்ந்த ஒழுங்கில் பெயர்களை எழுதுவார். முதலில் வந்தவருக்கு முதற்பாடு. மூன்று மணிக்குள் வராத வள்ளத்தை எழுதுவதும் விடுவதும் மூப்பரின் விருப்பம். சூசைதாசன் வீட்டில் ஆறு பேர். ஏழு மாதமாக ஒழுங்கான தொழில் இல்லை. சித்திரையின் முதல் நாட்களில்தான் கரைக்கு மீன் நெருங்கி வரும் என்றார். "முதல் மூண்டு பாட்டுக்குள்ளை விழுந்தால் போதும் ரீச்சர். மிச்சத்தை அந்தோனியார் பாப்பார்."

வள்ளத்தை வைக்க ஒரு ரெயிலர் கிடைத்தது. செத்துப்போன பிக்கப் ஒன்றின் பின் அச்சை வெட்டி, இரும்புச் சட்டத்தில் ஒட்டிச் செய்தது. அப்பாவின் பிக்கப்பும் அதே இனம் என்பதால் ஒன்றின் சில்லு மற்றதற்குப் பொருந்தும். ஆறு நட்டு. ரெயிலருக்குச் சில்லு இல்லை, வேறு தேடவேண்டும்.

இங்கேதான் நான் நுழைந்தேன். என் சித்தப்பாவின் ஜீப் எரிபொருள் இல்லாமல் கல்லடுக்கின்மேல் நின்றது. அதன் பதினாறு அங்குலச் சில்லுகளும் ஆறு நட்டுத்தான். ரயர் 7.00-16, பூ அழியாமல் புதிதுபோல் இருந்தது. பிக்கப்பில் இருந்தவை 6.00-14. நான் அப்பாவின் பழைய கைநூலில் சுமை அட்டவணையைப் பார்த்தேன். பதினான்கு அங்குல ரயர் ஒன்று ஏறத்தாழ ஐந்நூறு கிலோ தாங்கும். பதினாறு அங்குலம் எண்ணூறு. பிக்கப்பின் பின் அச்சில் வண்டியின் பாரம், வலையும் கயிறும் இருநூற்றைம்பது கிலோ, ரெயிலரை மாட்டும் கொழுவியில் அழுத்தும் பாரம், ஆட்கள் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தொட்டது. ரெயிலரில் வள்ளமும் இரும்பும் சேர்த்து எண்ணூறுதான். ஆகவே பிக்கப்பின் பின்னுக்குச் சித்தப்பாவின் பெரிய சில்லுகள். அங்கிருந்து கழற்றும் சின்னச் சில்லுகள் ரெயிலருக்கு. ஒரு தாளில் கோடு கீறி எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துத் தவண்ணையிடம் கொடுத்தேன்.

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"பெரிய சில்லு போட்டால் வண்டி அசையுமோ தங்கச்சி?"

"பாரம் தாங்க வேணுமெல்லோ அண்ணை. கணக்குப் பாத்துத்தான் எழுதினனான்."

"சரி, கம்பசிலை படிச்ச கணக்கு" என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. குருநகரில் காலை 7.10க்கு ஏற்றத் தொடங்கி 9.05க்குப் புறப்பட்டோம். முன்னால் தவண்ணையும் நானும் சூசையண்ணையும். பின்னால் வலைக் குவியலின் மேல் அவர் மனைவி பிலோமினாக்கா, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, மடியில் ஒரு சட்டி. வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். கோப்பாயில் ஒரு சைக்கிள்காரர் கொஞ்சத் தூரம் கூடவே வந்தார்.

"எங்கை, இந்தியாவுக்கோ?"

"ஓம், பாலம் கட்டியாச்சு, உமக்குத் தெரியாதோ?" என்றார் பிலோமினாக்கா. "சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு ஏறும்."

நீர்வேலி, அச்சுவேலிச் சந்தி வரை நன்றாகவே வந்தோம். மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் தவண்ணை விடவில்லை, குண்டும் குழியும் வந்த இடமெல்லாம் நடைவேகம்தான். வல்லை வெளியில் தெரு நீட்டாக இருந்ததால் சற்றுக் கூட்டினார். உடனே ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையே இழுத்து அடித்தது. பின்னாலிருந்து பிலோமினாக்கா மாதாவைக் கூப்பிட்டார். தவண்ணை பிறேக்கைத் தொடாமல் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்தினார். அது நல்ல ஓட்டம். பிறேக்கை அடித்திருந்தால் வள்ளம் எங்களை முந்தியிருக்கும்.

மணி 11.10. வல்லை வெளியில் நிற்பதை அந்த நாளில் யாரும் விரும்பமாட்டார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் ஒளிய ஒரு பனைகூடக் கிடையாது. நான் இறங்கிப் பார்த்தேன். பெரிய சில்லால் பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்துவிட்டது. ரெயிலரின் மூக்கும் உயர்ந்து, பாரம் பின்னுக்குச் சாய்ந்திருந்தது. வள்ளத்தை ஒரு அடி முன்னுக்குத் தள்ளினால் சரி என்றேன். சைக்கிளில் போனவர்கள் எட்டுப் பேர் இறங்கிக் கைகொடுத்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆட்டம் நின்றது. சூசையண்ணை என்னைப் பெருமையோடு பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வல்லைப் பாலத்துக்கு ஏறும் சின்ன ஏற்றத்தில் கிளச் எரியும் மணம் வந்தது. தவண்ணை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நெல்லியடிக்கு 12.05. இயந்திரம் ஆற வேண்டும் என்று தவண்ணை நிறுத்தினார். பிளேன்ரீயும் பணிசும் சாப்பிட்டோம். என் பழக்கப்படி பயணத்தின் தூரத்தைக் குறிக்க மீற்றரைப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோமீற்றர் என்றது. குருநகரிலிருந்து நெல்லியடி இருபத்தொன்பது. நாலு கிலோமீற்றர் எங்கே போனது?

பணிஸ் சுற்றிவந்த தாளில் எழுதிப் பார்த்தேன். சின்னச் சில்லு ஒரு சுற்றுக்கு எண்பத்துமூன்று அங்குலம் போகும். பெரியது தொண்ணூற்றாறு. மீற்றருக்குச் சில்லு மாறியது தெரியாது, அது சுற்றைத்தான் எண்ணும். ஆகவே தூரம் ஏழில் ஒரு பங்கு குறைந்து காட்டுகிறது. அது பரவாயில்லை. ஆனால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிற சில்லு, அதே அளவுக்கு இழுவையை இழக்கும். இழுவையிலும் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவும் ஏற்கெனவே மண்ணெண்ணெயில் அரை உயிரோடு ஓடும் இயந்திரத்தில். நான் சில்லு எவ்வளவு தாங்கும் என்று பார்த்தேன். அதை யார் சுற்றுவது என்று பார்க்கவில்லை.

பரிகாரமும் அந்தத் தாளிலேயே தெரிந்தது. சில்லுகளை இடம் மாற்ற வேண்டும். உந்தும் சில்லு சின்னதாக இருந்தால் இழுவை கூடும். இழுபடும் சில்லு பெரிதாக இருந்தால் மணலில் புதையாமல் உருளும். பிக்கப்பின் பின்பக்கம் தணியும், ரெயிலரின் பாரம் முன்னுக்கு வந்து பிடி கொடுக்கும். நாங்கள் நான்கு சில்லையும் நேர்மாறாகப் பூட்டியிருந்தோம். நெல்லியடியில் தார்த்தெரு, மர நிழல், எதிரே சைக்கிள் கடை, காற்றடிக்க ஆள். நாற்பது நிமிட வேலை.

நான் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். மிச்சம் பன்னிரண்டு கிலோமீற்றர்தானே, எப்படியும் போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கையெழுத்து வைத்துக் கொடுத்த கணக்கு, வல்லையில் கிடைத்த மரியாதை, இரண்டையும் பணிஸ் கடை வாசலில் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

12.45க்குப் புறப்பட்டுத் துன்னாலை வழியாகக் குடத்தனைக்கு 1.25. அங்கே தார் முடிந்து மணல் தொடங்கியது. கடற்கரைக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர். முந்நூறு யார் தூரம் போயிருப்போம். பிக்கப் முனகி நின்றது. தவண்ணை முதலாம் கியரில் இயந்திரத்தை அலறவிட்டுக் கிளச்சை எடுத்தார். நீலப்புகை வந்தது, சில்லு அரைச் சுற்றுச் சுற்றியதும் இயந்திரம் நின்றது. பனையோலை வெட்டிப் போட்டோம். காற்றைக் குறைத்தோம். வலையை இறக்கினோம். ரெயிலரின் சின்னச் சில்லுகள் அச்சுவரை மணலுக்குள் போயின. ஒவ்வொரு முறை கிளப்பவும் பெற்றோல் போத்தல் குறைந்தது. மணி 2.15.

சூசையண்ணை மணலில் குந்தியிருந்தார். கடற்காற்று வந்தது, கடல் தெரியவில்லை.

"சில்லை மாத்த வேணும்" என்றேன். "நாலையும். என்ரை கணக்குப் பிழை."

தவண்ணை ஏன் என்று கேட்கவில்லை. வண்டியைத் தூக்கும் ஜக்கை எடுத்தார். அந்த வேகத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மணலில் ஜக் நிற்காது, தானே புதையும். வள்ளத்திலிருந்து ஒரு பலகையைக் கழற்றி அடியில் வைத்தோம். அதுவும் சாய்ந்தது. இன்னொன்று வைத்தோம். பிலோமினாக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வள்ளத்திலிருந்து தண்டு ஒன்றை இழுத்தெடுத்துத் தோளில் வைத்தார். பத்தடி நீளத் துடுப்பு.

"எங்கையப்பா உதைக் காவிக்கொண்டு போறாய்?" என்றார் சூசையண்ணை.

"மூப்பரிட்டை. வள்ளம் வருகுது எண்டதுக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமே? வெறுங்கையோடை போனால் என்னை ஆர் நம்புவினம்?"

மணலுக்குள் விறுவிறுவென்று நடந்து போனார். மூன்று மணிக்குக் கோயில் மணி கேட்டது. நாங்கள் அப்போது இரண்டாவது சில்லில் நின்றோம். நட்டை முறுக்கிக்கொண்டிருந்த சூசையண்ணையின் கை ஒருகணம் நின்று, பிறகு தொடர்ந்து முறுக்கியது.

3.40க்கு நான்கும் பூட்டி முடிந்தது. போத்தலில் இருந்த கடைசிச் சொட்டுகளை விட்டுத் தவண்ணை கிளப்பினார். முதலாம் கியர். பிக்கப் ஒருமுறை குலுங்கி, ரெயிலரை மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தது. ஓடியது என்று சொல்லமுடியாது. நாங்கள் பக்கத்தில் நடந்தே வந்தோம். ஆனால் நிற்கவில்லை. சின்ன ரயர்கள் அட்டவணையின் எல்லையில்தான் இருந்தன. அட்டவணை தார்த்தெரு வேகத்துக்கானது, ஆள் நடக்கும் வேகத்தில் ரயர் இன்னும் தாங்கும்.

கரைக்கு 4.05. பக்கத்துக் கரைகளிலிருந்து வந்த ஆறு வள்ளங்கள் வரிசையாக நின்றன. மூப்பர் கொப்பியை மூடி இடுப்பில் செருகியிருந்தார். அவருக்கு முன்னால் பிலோமினாக்கா தண்டை மணலில் ஊன்றிப் பிடித்தபடி நின்றார். ஒரு மணித்தியாலமாக அப்படித்தான் நின்றாராம். சுற்றிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

"தண்டு வந்தால் வள்ளம் வந்த கணக்கோ?" என்றார் மூப்பர். "நாளைக்கு உதிலை ஏறியோ வலை வளைக்கப் போறியள்?"

"உதிலை ஏறி உங்கடை தலையிலை ஒண்டு போடலாம். அங்கை பாருங்கோ, வள்ளம்."

ஆட்கள் சிரித்தார்கள். மூப்பரும் சிரித்தார். கொப்பியைத் திறந்து, ஏழாவதாக எழுதினார். ஏழாம் பாடு. சூசையண்ணையின் வலை கடலில் இறங்க ஏழாம் நாள் ஆகும். முதற்பாடு, காலை பத்தரைக்கு வந்த ஒருவருக்கு. இரண்டாமவர் ஒன்றரைக்கு வந்தவர், மூன்றாமவர் இரண்டேகாலுக்கு, நாலாமவர் மூன்றுக்குச் சற்று முன். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். நெல்லியடியில் மாற்றியிருந்தால் இரண்டரைக்கு முன்னதாகவே வந்திருப்போம். நிச்சயமாக நாலாம் பாடு, அதிர்ஷ்டமிருந்தால் மூன்றாவது.

புறப்படமுன் சூசையண்ணையைத் தனியாகக் கூப்பிட்டேன். பணிஸ் தாளை விரித்துக் காட்டினேன்.

"இதை நான் நெல்லியடியிலேயே கண்டுபிடிச்சிட்டன் அண்ணை. சொல்லேல்லை."

அவர் தாளைப் பார்க்கவில்லை.

"தெரியும் ரீச்சர். எழுதினீங்கள். பிறகு உங்கடை முகம் மாறினது. மடிச்சுப் பைக்குள்ளை வைச்சீங்கள். ஏதோ பிழைச்சுப்போச்சு எண்டு அப்பவே விளங்கினது."

"பிறகேன் கேக்கேல்லை?"

"படிச்ச பிள்ளையிட்டை எப்பிடி எடுத்தெறிஞ்சு கேக்கிறது? நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"நான் கேக்கச் சொன்னனான்" என்றார் பின்னால் நின்ற பிலோமினாக்கா. "இவர்தான் வாயை மூடெண்டவர். ரீச்சர் குறை நினைப்பாவாம். இப்ப ஆர் குறை நினைக்கிறது?"

தவண்ணை சில்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு வல்லைப் பாலத்திலேயே மணந்தது. ஆனா எழுதிக் கையெழுத்தும் வைச்சுத் தந்த தாள் எல்லே. அதுக்கு மேலை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. நான்கு பேரும் பேசாமல் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் வந்திருக்கிறோம். எங்கள் ஊரில் பட்டத்துக்குக் கொடுக்கும் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த மணல் பாதைதான் நினைவுக்கு வரும். அந்த மரியாதையின் விலையை அன்று சூசைதாசன் குடும்பம் கொடுத்தது. தங்கள் முறை வரும்வரை ஆறு நாளும் அவர்கள் மற்றவர்களின் வலையில் கயிறு இழுத்து, பங்கு மீனில் சாப்பிட்டார்கள். முதல் மூன்று பாட்டிலும் சூடை மீன் குவிந்ததாம். ஏழாம் பாட்டில் ஒரு கடகம் நிறையவில்லை. மகள் சொன்னாள். அந்த வருடம் முழுவதும் அவள் என் வகுப்புக்கு வந்தாள், ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனி வாசகரின் கேள்விக்கு. இன்று மணற்காடு வரை தெரு திருந்திவிட்டது, உங்கள் வண்டி நல்ல டீசலில் ஓடும், எங்களுக்கு நாள் முழுக்க எடுத்த நாற்பது கிலோமீற்றருக்கு உங்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போதும். ஆனாலும் உந்தும் சில்லைப் பெரிதாக்காதீர்கள். வண்டி எந்த அளவோடு வந்ததோ அதே அளவில், கூடிய சுமை தாங்கும் தரத்து ரயரைத் தேடுங்கள். ரயரின் பக்கத்தில் சுமை எழுதியிருக்கும். பெரிய சில்லு கிடைத்தால் ரெயிலருக்குப் போடுங்கள், ஆனால் நட்டு எண்ணிக்கையும் நட்டுகளுக்கிடையிலான தூரமும் பொருந்தவேண்டும். ஒரே அச்சில் இரண்டு அளவு ஒருபோதும் வேண்டாம். பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொழுவியில் அழுத்தும்படி படகை முன்னுக்கு வையுங்கள், வால் ஆட்டினால் பிறேக்கை அடிக்காமல் வேகத்தை விடுங்கள். கடற்கரை மணலில் காற்றைக் குறைக்கலாம், தாருக்குத் திரும்பியதும் நிரப்ப ஒரு பம்பும், ஜக்குக்கு அடியில் வைக்க இரண்டு அகலப் பலகையும் கொண்டுபோங்கள். சில்லின் அளவை மாற்றியிருந்தால் உங்கள் மீற்றர் சொல்லும் தூரத்தையும் வேகத்தையும் நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று. கணக்குப் போட்டவர் நீங்கள்தான் என்றால், தார் முடிவதற்கு முன்னால் ஓரிடத்தில் நிறுத்துங்கள். வண்டி ஓட்டுபவரிடமும் சாமானுக்குச் சொந்தக்காரரிடமும் தனித்தனியாக, ஏதாவது பிழையாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். இன்னொருமுறை கேட்டுவிட்டு, அவர்கள் பேசும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.